‘இல்’ ஒன்றுதான், ஜப்பானியத்தில் வழி மூன்று

மாலை நேர ஜப்பானிய வகுப்பில் முதல் மாதம் முடியும்போது, தங்களைப் பற்றி ஐந்தாறு வரி எழுதி வருமாறு மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். நோட்டுகளைத் திருத்த உட்காரும்போது எந்தப் பிழை வரப்போகிறது என்பது பக்கத்தைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். ‘சென்னையில் வசிக்கிறேன்’ என்பதைப் பாதிப் பேர் ‘சென்னை தெ சுந்தெ இமஸ்’ என்று எழுதியிருப்பார்கள். ‘தெ’யை அடித்துவிட்டுச் சிவப்பு மையில் ‘நி’ என்று எழுதிக் கொடுப்பேன். ஒரு முறை, அப்படித் திருத்திய நோட்டை வாங்கிப்போன மாணவர் ஒருவர், அடுத்த வாரம் ‘வகுப்புக்குப் பஸ்ஸில் வந்தேன்’ என்பதை மிகுந்த கவனத்தோடு ‘பசு நி கிமஷித்த’ என்று எழுதி வந்தார். ஜப்பானியர் காதில் அது ‘பஸ்ஸுக்கு வந்தேன்’ என்று விழும். நான் ‘நி’யை அடித்துத் ‘தெ’ போட்டேன். “போன வாரம் நீங்கதானே சென்செய், ‘இல்’னு வந்தா ‘நி’ போடணும்னு திருத்தினீங்க?” என்று அவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. தமிழில் இரண்டு வாக்கியத்திலும் ‘இல்’தான் இருக்கிறது.

அன்று வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இடத்தையும் சேருமிடத்தையும் காட்ட ஜப்பானியத்தில் ஆறு உருபுகள் நம் முன் நிற்கின்றன: நி, தெ, எ, ஒ, மதெ, கர. இவற்றில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதற்கு நம் ஊரில் கிடைக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே விடை சொல்கின்றன. ஆங்கிலத்தில் ‘டு’ வந்தால் இது, ‘இன்’ அல்லது ‘அட்’ வந்தால் அது என்று பட்டியல் போடுகின்றன. தமிழ் பேசுகிறவர் இந்தச் சுற்றுவழியில் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் உருபு ஒட்டுவதும் வினை கடைசியில் வருவதும் நமக்குப் பிறந்தது முதல் பழக்கம். நமக்கு எங்கே வழுக்கும் என்பது ஆங்கிலேயருக்கு வழுக்கும் இடத்திலிருந்து வேறுபட்டது. ஆகவே நாம் செலவிட வேண்டிய உழைப்பும் வேறு இடத்தில்தான் இருக்க வேண்டும்.

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றி ஒரு சொல். இந்த ஒலிகளைத் தமிழ் எழுத்தில் முழுமையாகக் காட்ட இயலாது. ‘தெ’ என்று இங்கே எழுதும் உருபைத் ‘தெய்வம்’ என்ற சொல்லின் முதல் ஒலியைப் போல் மென்மையாகப் படிக்க வேண்டும். நடுவில் இரட்டித்து வரும் க்க, த்த போன்றவை வல்லோசையைக் காட்டுவதற்காக மட்டுமே. அங்கே நின்று அழுத்த வேண்டியதில்லை; பின்னால் வரும் ‘அத்த’ என்ற சொல் மட்டும் விதிவிலக்கு.

முதலில் கவலையில்லாத பகுதியைக் கடந்துவிடலாம். தமிழில் ‘கு’ உருபு வரும் இடங்களில் பெரும்பாலானவற்றில் ‘நி’ போட்டால் பிழை வராது. டோக்கியோவுக்குப் போகிறேன் என்பது ‘டோக்கியோ நி இக்கு’. அம்மாவுக்குக் கொடுத்தேன் என்பதிலும் நி. மூன்று மணிக்கு என்பதிலும் நி. ஒரு நாளைக்கு மூன்று முறை மருந்து சாப்பிடு என்று சொல்லும்போது அந்த ‘நாளைக்கு’ என்பதில் ‘கு’ ஏன் வந்தது என்று நாம் ஒருநாளும் யோசித்ததில்லை. ஜப்பானியரும் ‘இச்சினிச்சி நி சன்காய்’ என்று அதே இடத்தில் நி போட்டுவிட்டு யோசிக்காமல் போய்விடுகிறார்கள். ஆங்கிலம் வழியே படிக்கிறவர் இவற்றை நான்கு தனி விதிகளாக மனப்பாடம் செய்ய வேண்டும். நமக்கு ஒரே விதி போதும். வேலைக்குப் போகிறேன், கல்யாணத்துக்குப் போகிறேன் என்று இடத்தின் பெயர் இல்லாமல் நோக்கத்தையே சேருமிடமாக்கிப் பேசுவதும் இரு மொழிக்கும் பொது. ‘ஷிகொத்தொ நி இக்கு’ என்பது சொல்லுக்குச் சொல் நம் ‘வேலைக்குப் போ’தான்.

இந்தப் பகுதியில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை இரண்டே. ஒன்று, நண்பரைச் சந்திப்பது: நாம் ‘ஐ’ போடுவோம், அவர்கள் ‘தொமொதச்சி நி அவு’ என்று நி போடுவார்கள். மற்றொன்று, ஆளிடம் போவது. ஆசிரியரிடம் போகிறேன் என்பதைச் ‘சென்செய் நி இக்கு’ என்று சொன்னால் ஜப்பானிய வாக்கியம் நொண்டும். ஆள் ஓர் இடம் அல்ல என்பதால் அவருக்குப் பின்னால் ‘இடம்’ என்று பொருள்படும் ‘தொக்கொரொ’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘சென்செய் நொ தொக்கொரொ நி இக்கு’ என்று சொல்ல வேண்டும். இதைக் கேட்டதும் வகுப்பில் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். உண்மையில் நாமும் அதையேதான் செய்கிறோம்: ‘ஆசிரியரிடம்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஆசிரியருக்குப் பின்னால் நிற்பது ‘இடம்’தானே.

இனி ‘இல்’. தமிழ் மாணவர் தம் உழைப்பில் முக்கால் பங்கை இங்கேதான் செலவிட வேண்டும். சென்னையில் இருக்கிறேன், சென்னையில் வேலை செய்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், பஸ்ஸில் வந்தேன், சாலையில் நடந்தேன் என்று ஐந்து வாக்கியங்களை எடுத்துக்கொண்டால், நம் மொழி ஐந்துக்கும் ஒரே உருபைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஜப்பானியம் அப்படி விடுவதில்லை. முறையே நி, தெ, நி, தெ, ஒ என்று பிரித்துப் போடுகிறது. அந்த இடம் வினைக்கு என்ன உறவு என்று ஒவ்வொரு முறையும் பேசுகிறவரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாக்கியத்தை நகரவிடுகிறது என்று சொல்லலாம்.

இருத்தல் வினைகளில் தொடங்குவோம். மனிதரும் விலங்குகளும் இருப்பதற்கு ‘இரு’ என்றும், செடிகொடிகளும் உயிரற்றவையும் இருப்பதற்கு ‘அரு’ என்றும் ஜப்பானியத்தில் இரு வினைகள் உண்டு. ஆம், மனிதர் இருப்பதைச் சொல்லும் வினை, ஒலியில் நம் ‘இரு’வேதான். பழைய ஜப்பானியத்தில் அச்சொல்லுக்கு ‘உட்கார்’ என்று பொருள்; நம் பழந்தமிழிலும் நின்றான், இருந்தான், கிடந்தான் என்னும்போது ‘இருந்தான்’ என்றால் உட்கார்ந்தான் என்றே பொருள். இதைக் கேட்டு உற்சாகம் அடைபவர்களுக்கு ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு (1919–2008), பொற்கோ, யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாஸ் போன்ற தமிழறிஞர்களின் உதவியோடு, இவ்விரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று நீண்ட காலம் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பான்மையோர் அதை ஏற்கவில்லை. இந்த ஜப்பானிய வினை பழங்காலத்தில் ‘விரு’ என்பதற்கு நெருக்கமாக ஒலித்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே இதை உறவுக்குச் சான்றாக்க வேண்டாம். நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கொக்கியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். உட்காருவதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு ‘நி’ என்று நினைவு வைத்துக்கொண்டால், ‘இரு’வும் ‘அரு’வும் உட்காருவதைக் குறிக்கும் ‘சுவரு’வும் ஒரே கயிற்றில் கட்டுப்பட்டுவிடும்.

‘தெ’ அப்படிப்பட்டதல்ல. அது செயல் நடக்கும் களத்தைக் காட்டுகிறது. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமையின் பொருளைச் சொல்லும்போது வினைசெய் இடம், நிலம், காலம் என்று மூன்றாக எண்ணுகிறது. உரையாசிரியர்கள் இவற்றை விளக்கும் விதம் வேறு என்றாலும், ‘வினைசெய் இடம்’ என்ற தொடரை ‘தெ’வுக்குப் பெயராக நான் வகுப்பில் கடன் வாங்கிக்கொள்வதுண்டு. நூலகத்தில் படிக்கிறேன், கடையில் வாங்கினேன், வீட்டில் சமைத்தேன் என்பன எல்லாம் வினைசெய் இடங்கள், எல்லாவற்றுக்கும் தெ. பிறப்பிலும் இது தனி உருபு அல்ல. ‘நித்தெ’ என்ற பழைய வடிவம் தேய்ந்து ‘தெ’ ஆனது. அழைப்பிதழ்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும், விழா நடைபெறும் இடத்துக்குப் பின்னால் ‘நித்தெ’ இன்றும் எழுத்து நடையில் உயிரோடு இருப்பதைக் காணலாம்.

இருத்தலுக்கு நி, செயலுக்குத் தெ என்று எல்லாப் பாடநூலும் சொல்லிவிடும். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வசிப்பது செயலா, இருத்தலா? தங்குவது? வேலை பார்ப்பது? இங்கே ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். அதைத் தமிழிலேயே செய்துபார்த்துவிடலாம். வாக்கியத்திலிருந்து இடத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லிப் பாருங்கள். ‘சாப்பிட்டேன்’ என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்குக் குறை எதுவும் தோன்றாது. இடம் இங்கே மேலதிகச் செய்தி, ஆகவே தெ. ‘வசிக்கிறேன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் ‘எங்கே?’ என்ற கேள்வி கேட்பவர் வாயில் தானாக வந்து நிற்கும். வினை அந்த இடத்தைக் கேட்டு வாங்குகிறது, ஆகவே நி. ‘தங்கினேன்’, ‘ஒட்டினேன்’, ‘வைத்தேன்’, ‘ஏறினேன்’ எல்லாம் இப்படியே. ரயில் நிலையத்தில் நிற்பதும் ஆள் விடுதியில் தங்குவதும் ஜப்பானியத்தில் ஒலியளவில் ஒன்றே, இரண்டும் ‘தொமரு’, இரண்டுக்கும் நிதான்.

இந்தச் சோதனை பயன் தருவது, அகராதி ஒரே பொருள் சொல்லும் வினை இணைகளில். ‘சுமு’, ‘குரசு’ இரண்டுக்கும் வாழ்தல், வசித்தல் என்றே அகராதியில் இருக்கும். முதலாவது நி கேட்கும். இரண்டாவது தெ கேட்கும். காரணம் புரியாமல் மாணவர்கள் தலையைச் சொறிவார்கள். ‘சுமு’ என்பது குடியிருப்பது. இடம் சொல்லாமல் குடியிருக்க முடியாது. ‘குரசு’ என்பது வாழ்க்கை நடத்துவது. சந்தோஷமாக வாழ்கிறார்கள் என்று இடத்தைச் சொல்லாமலே அதை முடித்துவிடலாம். ‘வங்கியில் வேலை பார்க்கிறேன்’ என்பதற்கும் இரண்டு வழிகள் உண்டு. ‘கின்கோ தெ ஹத்தராய்த்தெ இமஸ்’ என்றால் உழைப்பு முன்னால் நிற்கிறது. அந்த உழைப்பு நடக்கும் களம் வங்கி. ‘கின்கோ நி த்சுத்தொமெத்தெ இமஸ்’ என்றால் வங்கியைச் சேர்ந்தவன், அங்கே உத்தியோகத்தில் இருக்கிறவன் என்று பொருள். உழைக்கிறேன் என்று சொல்லி நிறுத்தலாம். உத்தியோகத்தில் இருக்கிறேன் என்றால் எங்கே என்று கேட்பார்கள். உருபு வினையைப் பின்பற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இடத்தின் பெயரைப் பார்த்து உருபைத் தேர்ந்தெடுக்கிறவர் தோற்கும் இடமும் இதுவே. வங்கி மாறவில்லை, ஆள் மாறவில்லை, வினை மாறியதும் உருபு மாறிவிட்டது.

ஒரே வினையில், ஒரே இடத்தில், உருபை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. ஜப்பானில் குடிபுகுந்தவர்கள் 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துகொள்ள வேண்டும். முதல் முறை நான் போனபோது, கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை என் பக்கம் தள்ளி, விரலால் தட்டிக் காட்டி, ‘கொக்கொ தெ கைத்தெ குதசாய்’ என்றார். ‘கொக்கொ’ என்றால் இங்கே, எழுதச் சொல்கிறார், விரல் படிவத்தின் மேல் மூலையில் இருந்த ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் நின்றது. நான் அந்தக் கட்டத்தில் என் பெயரை அழகாக எழுதி முடித்தேன். அது அலுவலகத்தின் உபயோகத்துக்கான கட்டம். அவர் ஒன்றும் சொல்லாமல் புதிய படிவம் ஒன்றை எடுத்து, நடுவில் இருந்த ஒரு வரியைச் சுற்றிப் பென்சிலால் லேசாக வட்டம் போட்டு, ‘கொக்கொ நி’ என்று நிதானமாகச் சொன்னார். அப்போதுதான் உறைத்தது. ‘கொக்கொ தெ’ என்றபோது அவர் சொன்னது, பெஞ்சுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாம், இந்தக் கவுன்டரிலேயே நின்று எழுதுங்கள் என்பது. ‘கொக்கொ நி’ என்றபோது சொன்னது, இந்த வரியின் மேல் எழுதுங்கள் என்பது. எழுத்து போய் ஒட்டிக்கொள்ளும் பரப்பு நி. எழுதுகிறவர் நிற்கும் களம் தெ. தமிழில் இரண்டையும் ‘இங்கே எழுதுங்க’ என்றே சொல்லிவிடுவோம். விரல்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து இன்னொரு சோதனை கிடைக்கிறது. ‘இல்’லை எடுத்துவிட்டு ‘மேல்’ அல்லது ‘உள்ளே’ என்று போட்டாலும் பொருள் கெடவில்லை என்றால் பெரும்பாலும் நி. சுவரில் ஒட்டினேன் என்பதைச் சுவர் மேல் ஒட்டினேன் என்று சொல்லலாம். பெட்டியில் வைத்தேன் என்பதைப் பெட்டிக்குள் வைத்தேன் என்று சொல்லலாம். தோட்டத்தில் செடி நட்டேன் என்றால் செடி போய்ச் சேர்ந்த இடம் தோட்டத்து மண், எனவே ‘நிவா நி’. தோட்டத்தில் விளையாடினேன் என்றால் ‘நிவா தெ’. இப்படிப் பார்க்கும்போது, ‘கு’வுக்கு இணையாகச் சேருமிடத்தைக் காட்டும் நியும், ‘இல்’லுக்கு இணையாக ஒட்டுமிடத்தைக் காட்டும் நியும் இரண்டு வேறு உருபுகள் அல்ல என்பது புலப்படும். ஒன்று வந்து சேர்ந்து நிலைகொள்ளும் புள்ளிதான் இரண்டிலும் பேசப்படுகிறது.

‘அரு’ என்ற வினை வந்தாலே நி என்று உறுதியாக எழுதிவிடுகிறவர்களைத் தேர்வுத்தாள் குறிவைத்துக் காத்திருக்கும். டோக்கியோவில் நிலநடுக்கம் ஏற்பட்டது என்பது ‘டோக்கியோ தெ ஜிஷின் கா அத்த’. அதே ‘அரு’வின் இறந்தகாலம்தான், ஆனால் உருபு தெ. நாளைக்கு மீட்டிங் இருக்கு, சாயங்காலம் கச்சேரி இருக்கு என்று நாமும் நிகழ்ச்சிகளுக்கு ‘இரு’வைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதால் இந்த வழக்கு நமக்கு அந்நியமானதல்ல. ‘இருக்கிறது’ என்பதற்குப் பதிலாக ‘நடக்கிறது’ என்று மாற்றிப் பாருங்கள். மதுரையில் கூட்டம் நடக்கிறது என்று மாறினால் அது நிகழ்ச்சி, தெ போடலாம். மதுரையில் கோயில் நடக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அங்கே நிதான்.

வாகனத்துக்கு வருவோம், மாணவர் கேட்ட கேள்வியும் அதைப் பற்றியது. ஒரே பஸ் பயணத்தில் மூன்று உருபுகள் வருகின்றன. பஸ்ஸில் ஏறுகிறோம்: உடல் போய்ச் சேரும் இடம், ‘பசு நி நொரு’. பஸ்ஸில் போகிறோம்: இங்கே பஸ் இடமே அல்ல, கருவி, கத்தியால் வெட்டுவதைப் போலப் பஸ்ஸால் போகிறோம், ‘பசு தெ இக்கு’. நம் மூன்றாம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையின் ஒரு பகுதியும் ‘தெ’யில் ஒன்றாகிவிட்டன என்று நினைத்துக்கொள்ளலாம், ‘பஸ் மூலம்’ என்று மாற்ற முடிந்தால் தெ. கடைசியில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறோம், அது ‘பசு ஒ ஒரிரு’. இந்த ‘ஒ’ செயப்படுபொருளுக்கு வரும் உருபு, நம் ‘ஐ’. இறங்குவதற்கு ஏன் ‘ஐ’ என்று மாணவர்கள் கேட்கும்போது, வீட்டை விட்டு வெளியேறினான் என்று நாம் சொல்வதை நினைவூட்டுவேன். பிரிந்து வரும் இடத்தை நாமும் ‘ஐ’யோடுதான் பிரிகிறோம், ‘விட்டு’ என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

‘ஒ’வின் இன்னொரு வேலை, கடக்கும் வெளியைக் காட்டுவது. பாலத்தைக் கடந்தான், ஆற்றைத் தாண்டினான் என்று சொல்லும்வரை தமிழும் ஜப்பானியமும் தோளோடு தோள் போகின்றன. பாலத்தைக் கடப்பது ‘ஹஷி ஒ வத்தரு’. அதற்குமேல் நாம் பிரிந்துவிடுகிறோம். சாலையில் நடந்தான், வானத்தில் பறந்தது என்று நாம் ‘இல்’லுக்குத் திரும்பும்போது, அவர்கள் சாலையை நடந்தான், வானத்தைப் பறந்தது என்ற வடிவிலேயே தொடர்கிறார்கள். இங்கே ‘வழியாக’ என்று மாற்றிப் பார்ப்பது உதவும்: சாலை வழியாக நடந்தான், வானத்தின் வழியே பறந்தது. கடலில் நீந்துவது போன்ற சிலவற்றில் இரண்டும் சரி, பொருள் மட்டும் வேறு. விடுமுறைக்குப் போய்க் கரையோரம் நீந்தி விளையாடியவர் ‘உமி தெ ஒயொகு’ என்பார். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடலைக் கடந்தவர் ‘உமி ஒ ஒயொகு’ என்பார். மலை ஏறுவதிலும் இதே நுட்பம் உண்டு. 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபுஜி மலையில் ஏறினேன் என்று ஊருக்கு வந்து சொல்கிறவர் நி போடுவார், உச்சி என்ற இலக்கு மனத்தில் இருப்பதால். சரிவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருப்பதை விவரிக்கிறவர் ஒ போடக்கூடும். நம் ‘மலை ஏறினான்’ உருபையே தொலைத்துவிட்டு நிற்பதால் இங்கே தமிழ் நமக்கு உதவிக்கு வராது.

பிரியும் இடத்துக்கு ‘ஒ’வா ‘கர’வா என்ற கேள்வியும் உண்டு. ‘கர’ நம் ‘இலிருந்து’. கல்லூரியை ‘ஒ’ போட்டு வெளியேறினால் படித்து முடித்தவர் என்ற பொருளும் கிடைக்கும். ‘கர’ போட்டால் வளாகத்தின் வாசல் வழியே வெளியே வந்தவர் மட்டுமே. புகைபோக்கியிலிருந்து புகை வருவது, கண்ணிலிருந்து கண்ணீர் வருவது போல, தானாக விருப்பத்தோடு கிளம்ப முடியாதவற்றுக்குக் ‘கர’ ஒன்றே வழி. புகை எதையும் ‘விட்டு’ப் போவதில்லை. சன்னல் வழியாக உள்ளே வந்தான் என்பதற்கும் அவர்கள் ‘கர’ போடுகிறார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இத்தனை பக்கமும் ‘எ’வைப் பற்றிப் பேசாமல் வந்தது வேண்டுமென்றேதான். நிக்கும் எவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல்கள் பெரிய சிக்கலாக முன்வைக்கின்றன. என் பார்வையில், எடுத்துக்கொண்ட உருபுகளிலேயே மிகக் குறைந்த கவலை தர வேண்டியது இதுதான். ‘எ’ திசையைக் காட்டுகிறது, ‘பக்கம்’ என்று பொருள்படும் பழைய பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. நி சேரும் புள்ளியைக் காட்டுகிறது. நிஹொனுக்கு, அதாவது ஜப்பானுக்கு, போகிறேன் என்பதில் இரண்டில் எதைப் போட்டாலும் ஜப்பானியர் முகத்தில் மாற்றம் இருக்காது. நம் இலக்கணத்தில் உருபு மயக்கம் என்று சொல்வதுதான் இது. பழங்காலத்தில் இந்தத் தேர்வு பொருளைவிட ஊரையே காட்டிக்கொடுத்தது. 1604 முதல் 1608 வரை நாகசாகியில் அச்சான தம் ஜப்பானிய இலக்கணத்தில், போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜோவாவ் ரொட்ரிகெஸ் ஒரு பழமொழியைக் குறித்து வைத்திருக்கிறார்: கியோட்டோக்காரன் ‘எ’ என்பான், கியூஷுக்காரன் ‘நி’ என்பான், கிழக்கத்தியான் ‘ச’ என்பான் என்பது அதன் சாரம். அந்தச் ‘ச’ வடகிழக்கு வட்டாரங்களில் இன்னும் சாகவில்லை. அவோமொரிப் பக்கத்தில் வழியில் எதிர்ப்படும் இருவரின் உரையாடல் ‘தொ ச?’, ‘யு ச’ என்று நான்கே எழுத்தில் முடிந்துவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். எங்கே போறே, குளிக்க என்பது பொருள்.

இருந்தாலும் ‘எ’தான் வேண்டும் என்ற இடங்கள் சில உண்டு. அம்மாவுக்கு எழுதிய கடிதம் என்பதை ‘அம்மாவுக்கான கடிதம்’ என்று பெயர்த்தொடராகச் சுருக்கும்போது ‘ஹஹா எ நொ தெகமி’ என்பார்கள். நிக்குப் பின்னால் ‘நொ’ ஒட்டவே ஒட்டாது. படிக்க ஜப்பானுக்குப் போகிறேன் போன்ற வாக்கியங்களில் நோக்கத்துக்கு ஒரு நி ஏற்கனவே வந்துவிடுவதால், இடத்துக்கு ‘எ’ போட்டு ‘நிஹொன் எ பெங்க்யோ ஷி நி இக்கு’ என்றால் காதுக்கு இதமாக இருக்கும். மறுபக்கம், இருத்தல் வினைகளோடு எ சேரவே சேராது; போய்ச் சேர்ந்தேன், உள்ளே நுழைந்தேன், ஏறினேன் என்ற வினைகளுக்கும் நியே இயல்பு. ஆகவே தடுமாறும்போது நி போட்டுவிடுங்கள். எழுதும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும்: இந்த உருபை ‘ஹெ’ எழுத்தால் எழுதி ‘எ’ என்று படிக்க வேண்டும். 1946இல் எழுத்துமுறையை உச்சரிப்புக்கு ஏற்றவாறு சீர்திருத்தியபோதும் இதைப் பழைய வழக்கிலேயே விட்டுவைத்தார்கள்.

‘மதெ’ நம் ‘வரை’. நிக்குப் பதிலாக இதைக் கட்டாயம் தேர்ந்தெடுக்க வேண்டிய ஓர் இடம், நடத்தல், நீந்துதல் போன்ற வினைகள். ‘எக்கி நி அருக்கு’ என்று சொன்னால் ஜப்பானியர் காதுக்கு உறுத்தும், ஏனெனில் நடப்பது காலின் இயக்கத்தைச் சொல்கிறதே தவிரப் போய்ச் சேர்வதைச் சொல்வதில்லை. ‘எக்கி மதெ அருக்கு’, அதாவது நிலையம் வரை நடக்கிறேன், என்று எல்லையைச் சொல்ல வேண்டும். அல்லது ‘எக்கி நி அருயித்தெ இக்கு’ என்று போதலையும் சேர்க்க வேண்டும். ‘ஸ்டேஷனுக்கு நடந்தேன்’ என்பதைவிட ‘ஸ்டேஷனுக்கு நடந்து போனேன்’ என்பதே நம் வாயிலும் தானாக வருகிறது. அந்த வினையெச்சப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் போதும். டாக்சியில் ஏறியதும் ஓட்டுநரிடம் ‘எக்கி மதெ ஒநெகாய்ஷிமஸ்’ என்றுதான் சொல்வார்கள். பயணம் முடியும் எல்லையைச் சொன்னால் அவருக்குப் போதும்.

பள்ளிக்கூட நோட்டுக்கும் தேர்வுத்தாளுக்கும் வெளியே, நண்பர்கள் பேசிக்கொள்ளும்போது இந்த உருபுகளில் சில காணாமலே போய்விடும். ‘தொக்கொ இக்குநொ?’ என்று கேட்பவர் ‘எங்கே’ என்பதற்குப் பின்னால் நியும் போடுவதில்லை, எவும் போடுவதில்லை. ‘டோக்கியோ இக்கு’ என்று பதில் சொல்கிறவரும் அப்படியே. ‘எங்க போறே?’, ‘மதுரை போறேன்’ என்று நாம் ‘கு’வை விழுங்குவதைப் போலத்தான் இதுவும். செயப்படுபொருளின் ‘ஒ’வும் இப்படி விழுந்துவிடும். ஆனால் ‘தெ’யை யாரும் விழுங்குவதில்லை, நூலகத்தில் படித்தேன் என்பதில் ‘தெ’ போனால், இடமும் செயலும் ஒன்றையொன்று தெரியாத இரு சொற்களாகப் பிரிந்து நிற்கும். ஆகவே பேச்சில் நியா எவா என்று நாக்கு தயங்கினால் இரண்டையும் விட்டுவிட்டுப் பேசலாம், தெ போட வேண்டிய இடத்தில் அந்தச் சலுகை கிடையாது. பஸ்ஸில் வந்த மாணவரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப ‘தெ’யை மட்டும் சரியாப் படிச்சுக்கறேன் சென்செய், மிச்சத்தை முழுங்கிடறேன்” என்றார். தேர்வில் முழுங்க முடியாது என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.